மூணாம் தண்ணி

இளவரசன்: நான் உள்ள வரலக்கா. வேணும்னா நீ போயி உன் மூஞ்சியக் காட்டிக்கினு வா.

கண்ணகி: என் மூஞ்சிக்கு இன்னாடா கொறச்சல்? பேரு கூப்புட்ற நேரத்துல கலாட்டா பண்ணாத. உக்காரு.

இளவரசன்: சுத்திப் பாரு… எல்லாரும் பளபளன்னு இருக்கறாங்க. இவங்களுக்கெல்லாம் இன்னாத்துக்குத் தோல் டாக்டரு?

கண்ணகி: வைத்தியம் பாத்துக்கினதாலதான்டா பளபளன்னு இருக்கறாங்க. நீயும் ஆவ.

இளவரசன்: ஆமா, ஆவேன்… இந்த மூஞ்சியா? பக்கத்து வூட்டு கொளஞ்சி எனக்கு இன்னா பேரு வச்சான் தெரியும் இல்ல?

கண்ணகி: பாவக்கா.

இளவரசன்: நான் தெருவுல போனா, மாடியில நின்னுக்கினு ‘டேய் பாவக்கா’ம்பான். பொட்டப்புள்ளைங்க எல்லாம் திரும்பிப் பாக்கும்.

கண்ணகி: அதுக்குத்தான் சொல்றேன். பக்கத்து பிளாட்டு சீனக்காரம்மா முத்துத்தூள் தடவச் சொல்லிச்சு. உங்க மாமாவோட கூட்டாளி பொண்டாட்டி, பேசியல் பண்ற கடைக்கு இட்டுக்கினு போன்னா. நான்தான் ஒரே புடியா நின்னேன். தோலுக்குன்னே படிச்ச டாக்டருகிட்ட காட்டுனாதான் ஆச்சுன்னு.

இளவரசன்: கச்சிராயபாளையத்துல இருந்து ஏரோபிளேன் ஏறி சிங்கப்பூரு வந்து, பருவுக்கு வைத்தியம் பாத்தவன் நான் ஒருத்தன்தான். ஊர்ல கேட்டா வாயால சிரிக்க மாட்டாங்க.

கண்ணகி: சிரிக்கட்டும். அம்மா ஊரு பூரா அப்படித்தான சொல்லி வச்சிருக்குது… புள்ள மூஞ்சி வைத்தியத்துக்கு அக்கா வூட்டுக்குப் போயிருக்கான்னு. அத்த நெசமாக்கிட்டா நல்லது.

இளவரசன்: நான் எதுக்கு வந்தேன்னு உனக்குத் தெரியாது?

கண்ணகி: மெதுவா… மெதுவாப் பேசு.

இளவரசன்: இங்க யாருக்குக்கா நம்ம பேச்சு புரியப்போவுது?

கண்ணகி: தோ, அந்தப் பச்சை சேலை. வந்ததுல இருந்து காத நம்ம பக்கம்தான் வச்சிக்கினு இருக்குது.

இளவரசன்: கேக்கட்டும். ரோடு மறியல்ல மரம் வெட்டுனவன்னு தெரியட்டும். இட ஒதுக்கீடு கேட்டு வெட்டுனோம். படிச்ச பசங்களுக்கு வேலை கெடைக்கணும்னு வெட்டுனோம். திருடவா செஞ்சோம்?

கண்ணகி: திருடல சாமி. வாய மூடு.

இளவரசன்: சகுனமே சரியில்ல. வூட்டுக்குக்கூட வுடாம, நான் ஒளிஞ்சிருந்த கரும்புக் கொல்லை கொட்டாயில இருந்து நேரா என்ன வண்டியில ஏத்துன. ஏறும்போது ஊருக்குள்ள சாவு மேளம். வெளங்குமா?

கண்ணகி: …அதான் அன்னிக்கே சொன்னேனே. ராஜாங்கம் தாத்தாவுக்குன்னு. வயசாயிப் போனவரு. சாவு மேளம் கேட்டுக்கினு கெளம்புனா போற காரியம் நல்லதாத்தான் முடியும்.

இளவரசன்: நல்லா முடிஞ்சிச்சு! சிங்கப்பூரு வந்ததுல இருந்து சோறு எறங்கல எனக்கு. கண்ண மூடுனா கொளஞ்சிதான் வந்து நிக்கறான்.

கண்ணகி: மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா…

இளவரசன்: மரத்த வெட்டுனது நானு. ஜெயில்ல கெடக்கறது அவன். மறியல் நடந்த அந்த வாரம் பூரா அவன் வூட்டவுட்டு வெளியவே வரலக்கா. தங்கச்சி தங்கமணிக்கு அம்மை போட்டிருக்குது, அம்மை வூட்டுக்காரன் கூட்டத்துக்குப் போவக்கூடாதுன்னு வாசல்லியே நின்னுட்டான். நான்கூடக் கிண்டல் பண்ணேன்… பயந்தாங்கொள்ளின்னு.

கண்ணகி: நீ போயி நின்னா மட்டும் இன்னாடா ஆவும்?

இளவரசன்: நான்தான்யா வெட்டுனேன், அவன வுடுங்கன்னு சொல்லுவேன்.

கண்ணகி: ரெண்டு பேரையும் உள்ள வைப்பாங்க.

இளவரசன்: வைக்கட்டும். அவன்கூட ஒண்ணா இருந்துட்டுப் போறேன்.

கண்ணகி: பைத்தியமாட்டம் பேசாத. அம்மாவ நெனச்சுப் பாத்தியா?

இளவரசன்: அவன் அம்மாவ நெனைக்கிறேன். ராஜாம்பா அத்தைய. …நான் கெளம்பறேன்க்கா. மாமாகிட்ட டிக்கெட்ட மாத்தித் தரச்சொல்லு. மாட்டேன்னா நானே போயி கேட்டுக்கறேன்.

கண்ணகி: டேய்… எங்கடா போற? டேய், எளவரசு! நில்லுடா. …கொளஞ்சிய வூட்டுக்குக் கொண்டாந்துட்டாங்கடா.

இளவரசன்: …இன்னா?

கண்ணகி: உக்காரு. மொதல்ல உக்காரு.

இளவரசன்: இன்னா சொன்ன?

கண்ணகி: உள்ள இருக்கும்போது அவனுக்கும் அம்மை போட்டுச்சாம். ரொம்ப ஜாஸ்தியா. அதான்… வூட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க.

இளவரசன்: யாரு சொன்னா?

கண்ணகி: அம்மா.

இளவரசன்: எப்ப சொல்லிச்சு?

கண்ணகி: ஊர்லியே. நாம கெளம்பறப்ப.

இளவரசன்: அப்பவே தெரியுமா உனக்கு? இத்தினி நாளா வாயில இன்னா வச்சிக்கினு இருந்த?

கண்ணகி: சொல்லியிருந்தா நீ வண்டியில ஏறியிருப்பியாடா? அவனப் பாக்கணும்னு ஊருக்குள்ள ஓடியிருப்ப. தெருமொனையிலியே போலீசு நிக்குது…

இளவரசன்: ஓடியிருப்பேன்தான். …அக்கா, அப்ப வந்துட்டானா? அட, ஆமா! ஆத்தா வந்திருக்கறவன எவன் உள்ள வச்சிருப்பான்? அவன் அவன் புள்ளகுட்டிக்காரன், பயம் இருக்காது? தங்கமணிகிட்ட இருந்து ஒட்டிக்கினு இருக்குது, உள்ள போனப்பறம் முத்து போட்டிருக்குது. நல்லதா போச்சு! இந்நேரம் மூணாம் தண்ணி ஊத்தியிருப்பாங்க இல்ல? மூணு தண்ணி ஊத்திட்டா ஆத்தா எறங்கிப் போயிட்டான்னு அர்த்தம். அப்பால கறி சோறே துன்னலாம். …இன்னாக்கா, நீ ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு இருக்க?

கண்ணகி: ஒண்ணும் இல்ல. தலவலி. …தோ, கூப்புட்றாங்க பாரு. எந்திரி.

இளவரசன்: என்னையா? ‘ஈலாவாரசான்’னு இல்ல கூப்புட்றாங்க.

கண்ணகி: அது நீதான். வரியா, வரலியா?

இளவரசன்: வரேன், வரேன். இனிமே எங்க வேணும்னாலும் வரேன்.

*

டாக்டர்: உட்காருங்க. தமிழ்லயே பேசலாம். எங்க தாத்தா காலத்துல வந்தவங்கதான் நாங்களும். யாருக்குப் பார்க்கணும்?

கண்ணகி: என் தம்பிக்குத்தான் டாக்டரம்மா. ஊர்ல இருந்து வந்திருக்கான்.

டாக்டர்: விளக்குப் பக்கம் திரும்புங்க, தம்பி. …எத்தனை வருஷமா இருக்கு?

இளவரசன்: பிளஸ் டூ படிக்கும்போது வந்துச்சு. போவவே இல்ல.

டாக்டர்: இதுவரைக்கும் என்னென்ன போட்டீங்க?

இளவரசன்: சந்தனம்… பூண்டு… எருமப்பால் ஏடு. அப்பால கள்ளக்குறிச்சி மெடிக்கல்ல ஒரு டியூப்பு குடுத்தாங்க. அத்தப் போட்டா ஒரு வாரம் நல்லா இருக்கும். வுட்டா ரெண்டு பங்கா வரும்.

டாக்டர்: யார் எழுதிக் கொடுத்தது?

இளவரசன்: யாரும் இல்ல. கடைக்காரரே மூஞ்சியப் பாத்துட்டுக் குடுத்தாரு.

டாக்டர்: அதுதான் கன்னத்துத் தோல் இப்படி மெலிஞ்சு சிவந்திருக்கு. அந்த டியூபை இனிமே தொடக்கூடாது. கிள்ளுவீங்களா?

கண்ணகி: கண்ணாடி முன்னால நின்னா அதே வேலைதான்.

இளவரசன்: அக்கா…

டாக்டர்: கன்னத்துலயும் தாடையிலயும் இருக்கறது பரு. உள்ளேயே கட்டி கட்டியா இருக்கு. இதுக்கு மருந்து இருக்கு, சரியாகும். ஆனா நெத்தியிலயும் கழுத்துலயும் கருப்பா, வட்ட வட்டமா இருக்கே… இது பரு இல்லை.

கண்ணகி: பரு இல்லாம வேற இன்னா?

டாக்டர்: எதையோ வச்சுச் சுட்ட மாதிரி இருக்கு. ஒரே அளவுல, வரிசையா. குச்சியில தொட்டு வச்ச மாதிரி. என்ன வச்சீங்க, தம்பி?

இளவரசன்: அது வந்து…

கண்ணகி: கேக்கறாங்க இல்ல. சொல்லுடா.

இளவரசன்: சேங்கொட்ட.

கண்ணகி: சேங்கொட்டையா! வண்ணாரு துணிக்குக் குறி போடுவாரே, அதுவா? பட்டா வெந்து போவுமேடா! யாரு வச்சது?

இளவரசன்: அம்மா.

கண்ணகி: அம்மாவா? பெத்த புள்ள மூஞ்சியிலயா?

டாக்டர்: ஏன் வச்சாங்க? வைத்தியம்னு நினைச்சா?

இளவரசன்: இல்ல டாக்டர். அம்மை மாதிரி தெரியணும்னு. போலீசு வந்துச்சு…

கண்ணகி: டேய்!

டாக்டர்: பரவாயில்லை. நான் தோல் டாக்டர்தான். எனக்குத் தோல்ல என்ன நடந்ததுன்னு தெரியணும், அவ்வளவுதான்.

இளவரசன்: எங்க ஊர்ல ஒரு மறியல் டாக்டர். ரோட்டுல மரம் வெட்டிப் போட்டோம். அப்பால போலீசு வூடு வூடா பூந்து எங்க வயசுப் பசங்களப் புடிச்சுக்கினு போனாங்க. மத்தியானச் சோறு துன்னுக்கினு இருக்கறேன், தெருமொனையில வேன் சத்தம். அம்மா அலமாரியில இருந்து சேங்கொட்டய எடுத்துச்சு. மலையில இருந்து கடுக்கா, சேங்கொட்டையெல்லாம் எடுத்தாந்து சந்தையில விப்பாங்க, மருந்துக்குன்னு வாங்கி வச்சிருந்துச்சு. துடைப்பக்குச்சியில தொட்டுத் தொட்டு வச்சிச்சு. பரு ஏற்கெனவே மூஞ்சி பூரா இருந்துச்சா… மஞ்சள அப்பி, பாயில படுக்க வச்சு, வேட்டியப் போத்தி, வாசல்ல வேப்பல கட்டிடுச்சு.

டாக்டர்: வேப்பிலை கட்டினா போலீஸ் வரமாட்டாங்களா?

கண்ணகி: வேப்பல கட்டியிருந்தா உள்ள மாரியாத்தா இருக்கான்னு அர்த்தம் டாக்டரம்மா. கட்டுன பொண்டாட்டியே வெளியூர்ல இருந்து வந்தா வாசல்லியே நின்னுடுவா.

இளவரசன்: அந்த எஸ்.ஐ. எட்டிப் பாத்தாரு. ஜன்னல் வழியாத்தான். என் மூஞ்சியப் பாத்ததும் பின்னால போயி, செருப்ப… பூட்ஸக் கழட்ட முடியாம கன்னத்துல போட்டுக்கினாரு. எங்க அம்மாகிட்ட ‘பாத்துக்கம்மா’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

டாக்டர்: கண்ணுல பட்டிருந்தா பார்வையே போயிருக்கும். உங்க அம்மாவுக்கு அது தெரியுமா?

இளவரசன்: தெரியும் டாக்டர். ‘கண்ண மூடிக்கடா, கண்ண மூடிக்கடா’ன்னு சொல்லிக்கினே வச்சிச்சு.

டாக்டர்: …சரி. அந்தக் கறை மெதுவா மங்கும். வெயில்ல அலையக்கூடாது. இப்ப பருவைப் பத்திப் பேசலாம். எத்தனை நாள் இங்கே இருக்கப் போறீங்க?

கண்ணகி: எத்தினி மாசம் வேணும்னாலும் இருப்பான்.

இளவரசன்: பொங்கலுக்கு முன்னாடி போயிடுவேன் டாக்டர்.

கண்ணகி: போவமாட்டான். நீங்க சொல்லுங்க டாக்டரம்மா, ஆறு மாசம் இங்கியே இருந்து வைத்தியம் பாக்கணும்னு. புதுசா ஒரு மாத்திரை வந்திருக்காமே… ரொம்ப பவரு உள்ளது…

டாக்டர்: இருக்கு. கட்டிப் பருவுக்கு நல்ல மருந்துதான். ஆனா மாசாமாசம் ரத்தம் பார்க்கணும், ஈரலைப் பார்க்கணும், நான் நேர்ல பார்த்துக்கிட்டே இருக்கணும். நடுவுல ஊருக்குப் போறவருக்கு அதை எழுதிக் கொடுத்துட்டு, அங்கே ஏதாவது ஆனா யார் பார்க்கறது?

கண்ணகி: நான்தான் இங்கியே இருப்பான்னு சொல்றேனே.

டாக்டர்: உடம்பு அவரோடது. தம்பி, நீங்க சொல்லுங்க.

இளவரசன்: ஊருக்கு எடுத்துக்கினு போற மாதிரி குடுங்க டாக்டர்.

டாக்டர்: அப்ப இந்த மாத்திரையும் களிம்பும் போதும். மெதுவாத்தான் கேக்கும். ஒரு மாசத்துல ஒண்ணும் தெரியலையேன்னு விட்டுடக்கூடாது. ஊருக்குப் போனதும் பாண்டிச்சேரியிலயோ மெட்ராஸ்லயோ தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. கடைக்காரர்கிட்ட இல்லை.

இளவரசன்: சரி டாக்டர். …டாக்டர், ஒண்ணு கேக்கலாமா?

டாக்டர்: கேளுங்க.

இளவரசன்: இந்தக் களிம்பு அம்மைத் தழும்புக்குக் கேக்குமா? என் கூட்டாளிக்கு அம்மை போட்டிருக்குது. அவன் என்ன மாதிரி இல்ல டாக்டர், நல்லா செவப்பா, மூஞ்சி மொழமொழன்னு இருப்பான். தழும்பு வுழுந்தா மனசு வுட்டுடுவான்.

கண்ணகி: உன்னுத மட்டும் பாருடா இப்ப.

டாக்டர்: பார்க்காத தோலுக்கு நான் மருந்து சொல்றதில்லை. அவருக்கு என்ன வயசு?

இளவரசன்: என் செட்டுதான்.

டாக்டர்: பெரியவங்களுக்கு அம்மை வந்தா தழும்பைவிட நெஞ்சைத்தான் பார்க்கணும். நுரையீரல் வரைக்கும் போகும். மூச்சு நல்லா விடறாரா?

இளவரசன்: மூச்சு நல்லா வுடறானாக்கா? அம்மா இன்னா சொல்லிச்சு?

கண்ணகி: …அதெல்லாம் நான் கேக்கலடா.

இளவரசன்: வூட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க டாக்டர்.

டாக்டர்: அப்ப சரி. நல்லா இருந்தாத்தானே அனுப்புவாங்க.

கண்ணகி: போலாம்டா. எந்திரி. போலாம்.

*

இளவரசன்: ஏன்க்கா இப்படி ஓடுற? மருந்துக் கடையில ரெண்டா வாங்கியிருக்கலாம். ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவனுக்கு.

கண்ணகி: டாக்டரு வேணாம்னு சொன்னாங்க இல்ல.

இளவரசன்: அவங்க சொல்லுவாங்க. சரி, அவனுக்கு ஒரு பனியன் வாங்கிக்கலாம். மஞ்சக் கலர்ல, எங்கியோ போட்டிருந்தான் ஒருத்தன். அப்பறம் தங்கமணிக்குக் கிளிப்பு. ராஜாங்கம் தாத்தா வூட்டுலயும் தலையக் காட்டிட்டு வரணும், துக்கம் கேக்கலன்னா தப்பா நெனைப்பாங்க. என்ன ‘பருவராசா’ன்னு கூப்புட்ட மனுசன்.

கண்ணகி: இந்த பெஞ்சுல செத்த உக்காரலாம். பஸ் வரட்டும்.

இளவரசன்: தலவலி ஜாஸ்தியா இருக்குதா?

கண்ணகி: எளவரசு… டாக்டருகிட்ட நீ சொன்னப்பவே எனக்கு ஒண்ணு தோணுச்சு. கேக்கட்டா?

இளவரசன்: கேளு.

கண்ணகி: நம்ம தெருமொனையில இருந்தது ஒரே ஒரு வேப்பமரம். அத்தத்தான் நீங்க வெட்டி ரோட்டுல போட்டுட்டீங்க. அம்மாவே சொல்லி அழுதுச்சு, தழைக்குக்கூட இனிமே டேமுகிட்ட போவணும்னு. அப்ப வாசல்ல கட்டுன வேப்பல ஏது? வேன் சத்தம் கேட்டு, சேங்கொட்ட வச்சு, மஞ்சள் பூசி… அதுக்குள்ள வேப்பலைக்கு எங்கடா போச்சு அம்மா?

இளவரசன்: சொல்லிட்றேன்க்கா. யாருகிட்டயாவது சொல்லணும்னுதான் இருந்தேன். நெஞ்சுல ஒக்காந்துக்கினே இருந்துச்சு. அவன் உள்ள இருக்கற வரைக்கும் வாயி வரல. இப்பதான் வந்துட்டானே… இனிமே சொன்னா இன்னா?

கண்ணகி: இன்னாடா சொல்ற?

இளவரசன்: கொளஞ்சி வூட்டு வாசல்ல இருந்தது. தங்கமணிக்கு அம்மைன்னு கட்டியிருந்தாங்க இல்ல. ராஜாம்பா அத்த கொல்லப்பக்கம் இருந்தாங்க. அம்மா ஓடிப்போயி அந்தக் கொத்த அப்படியே பிச்சுக்கினு வந்து நம்ம வாசல்ல சொருவிடுச்சு. வேற வழி தெரியல அதுக்கு.

கண்ணகி: நீ பாத்தியா?

இளவரசன்: பாத்தேன். படுத்துக்கினே பாத்தேன். வேணாம்மான்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. பயந்துட்டேன்க்கா. அவன பயந்தாங்கொள்ளின்னு சொன்ன வாயி…

கண்ணகி: அய்யோ… அப்பறம்?

இளவரசன்: நம்ம வூட்ட வுட்டுட்டு நேரா அங்க போனாங்க. அத்த வாசல்ல வந்து நின்னு, ‘உள்ள அம்மை போட்டிருக்குதுங்க, வராதீங்க’ன்னாங்க. அந்த எஸ்.ஐ. கேட்டாரு… ‘பக்கத்து வூட்டப் பாத்து நீயும் அதையே சொல்றியா? அம்மைன்னா வேப்பல எங்க?’ன்னு. அத்த வாசல் நெலைய நிமுந்து பாத்தாங்க. இல்ல. ‘இருந்துச்சுங்க, காலையில இருந்துச்சுங்க’ன்னு சொல்றாங்க, எவன் நம்புவான்? சுவத்துக்கு இந்தாண்ட படுத்துக்கினு எனக்கு அம்புட்டும் கேக்குது.

கண்ணகி: போதும்டா…

இளவரசன்: கொளஞ்சி வெளிய வந்தான். தங்கச்சிக்குப் பூச வேப்பல அரைச்சிக்கினு இருந்திருக்கான். கை ரெண்டும் பச்சை. கையப் புடிச்சுப் பாத்துட்டு, ‘தழ பட்ட கையி… மரம் வெட்டுனவன் இவன்தான்’னு இழுத்துக்கினு போனாங்க. என் கை சுத்தமா இருந்துச்சுக்கா. சோறு துன்னுட்டு கழுவியிருந்தேன்.

கண்ணகி: அத்தைக்குத் தெரியுமா? நம்ம அம்மாதான் எடுத்துச்சுன்னு?

இளவரசன்: தெரியாது. ஆத்தாவுக்குத்தான் இன்னாவோ கோவம், அவளே பிச்சுக்கினு போயிட்டான்னு நெனச்சுக்கினாங்க. கோயில்ல போயி வுழுந்து அழுதாங்களாம். ‘நான் இன்னா கொற வச்சேன்’னு.

கண்ணகி: அம்மா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடா… இதுக்குத்தான் அந்த வூட்டுப் பக்கமே போவாம கொல்லையிலியே கெடந்துச்சா… எழவு வூட்டுக்குக்கூட…

இளவரசன்: எந்த எழவு வூட்டுக்கு? ராஜாங்கம் தாத்தா வூட்டுக்கா?

கண்ணகி: …ஒண்ணும் இல்ல.

இளவரசன்: அழுவாதக்கா. இப்பதான் அவன் வந்துட்டானே. நான் போனதும் மொத வேல, அவன் காலுல வுழுந்து சொல்லிடப்போறேன். அம்மாவக் காட்டிக் குடுக்க மாட்டேன், நான்தான் எடுத்தேன்னு சொல்லுவேன். அவன் இன்னா பண்ணுவான்? ‘அடப்பாவி, பாவக்கா’ன்னு ரெண்டு அறை வுடுவான். வாங்கிக்கிறேன். நாலு நாளு பேசமாட்டான். அஞ்சாம் நாளு டேமுல குளிக்கலாம் வாடான்னு அவனே கூப்புடுவான். அவனுக்கு கோவம் நிக்காது.

கண்ணகி: நீ ஊருக்குப் போவ வேணாம்டா.

இளவரசன்: ஏன்க்கா? இனிமே இன்னா பயம்?

கண்ணகி: வேணாம்னா வேணாம். அந்தப் பெரிய மாத்திரையே சாப்புடு. நாளைக்கு மறுபடியும் வந்து கேக்கலாம். ஆறு மாசம், ஒரு வருசம்… நான் பாத்துக்கறேன். இங்கியே இரு.

இளவரசன்: பரு போனா இன்னா, இருந்தா இன்னா… அவனப் பாக்கணும்க்கா. இன்னா ஆச்சு உனக்கு? அவன் வந்துட்டான்னு காலையில நீதான சொன்ன?

கண்ணகி: நான் அப்படிச் சொல்லலடா.

இளவரசன்: சொன்ன. பேரு கூப்புட்றதுக்கு முன்னாடி. வூட்டுக்கு வந்துட்டான்னு.

கண்ணகி: வந்துட்டான்னு சொல்லல… கொண்டாந்துட்டாங்கன்னு சொன்னேன்.

இளவரசன்: ரெண்டும் ஒண்ணுதான… ரெண்டும்… அக்கா?

கண்ணகி: …

இளவரசன்: அக்கா, இங்க பாரு. என்னப் பாத்து சொல்லு. அன்னிக்கு நான் வண்டியில ஏறும்போது மேளம் அடிச்சாங்களே…

கண்ணகி: ராஜாங்கம் தாத்தா நல்லாத்தான்டா இருக்காரு.